முப்பத்தொரு வினைச்சொற்களும் ஒரு சாவுச் சேதியும்

ஸ்பானிய மொழியில் எனக்கு முப்பத்தொரு வினைச்சொற்கள் தெரியும். திற, மூடு, இறுக்கு, தளர்த்து, தூக்கு, இறக்கு, நிறுத்து, பார், காத்திரு, சாப்பிடு, தூங்கு, போ, வா என்று ஓடுகிற பட்டியல் அது. யார் செய்தது, எப்போது செய்தது என்று சேர்த்துச் சொல்ல வராது. வெறும் வினை. அந்த வெறும் வினைகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதரோடு இரண்டு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தேன், கேலி பேசினேன், குடும்பக் கதை கேட்டேன். ஒரு சனிக்கிழமை அவருக்கு யாரும் யாருக்கும் செய்யக்கூடாத ஒன்றையும் செய்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அப்போது தொழிற்சாலைகளை விட வேர்க்கடலைக் கொல்லைகள்தான் அதிகம். அந்தக் கொல்லைகளுக்கு நடுவில், தகரக் கூரை போட்டு, டைல்ஸ் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. நான் அங்கே பிட்டர். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. மிச்சத்தையெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். யாராவது ஒரு நல்ல சொலவடை சொன்னால் வீட்டுக்குப் போகிற வரைக்கும் அதை வாயில் போட்டு மென்றுகொண்டே போவேன்.

கம்பெனி ஸ்பெயினிலிருந்து ஒரு பழைய பிரஸ் வாங்கியது. மண்பொடியை அழுத்தித் தகடாக்குகிற மெஷின். அதைப் பூட்டி ஓட்டிக் கொடுக்க அதோடு ஒரு மெக்கானிக்கும் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், கெட்டியான கழுத்து, கைமுட்டியில் பழைய தீக்காயம். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. மொழிபெயர்க்க மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று நாள் மண்பொடியைச் சுவாசித்துவிட்டு நான்காம் நாள் வரவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“நீ சும்மாவே பேசிக்கிட்டிருக்கிற ஆளு. அவர் பக்கத்துல நின்னு பேசு. எதாவது வரும்.”

வந்தது. அந்த மனிதர் கெட்டிக்காரர். எங்களுக்கு முழு வாக்கியம் ஏறாது என்று இரண்டே நாளில் கண்டுகொண்டார். வால்வைத் திறப்பார், “அப்ரிர்” என்பார். மூடுவார், நாக்கைப் பல்லில் முட்டி “தெர்ரார்” என்பார். ஸ்பேனரை அழுத்தி “அப்ரெத்தார்.” தளர்த்தி “சொல்தார்.” நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, அவர் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன். அவரும் எங்களிடம் பேசும்போது தன் மொழியை அப்படியே நறுக்கிக்கொண்டார். “நீ திற” என்று சொல்லமாட்டார். “திறத்தல்” என்பது போல ஒரு சொல், ஒரு விரல், முடிந்தது.

எங்கள் மேஸ்திரி வல்லக்கோட்டைப் பக்கத்து ஆள். ஐம்பது தாண்டியவர். தோளில் எப்போதும் ஒரு துண்டு. அவருக்கு இந்தப் பாடம் பெரிய பொழுதுபோக்கு.

“இன்னாடா சொல்றாரு?”

“மூடச் சொல்றாரு மேஸ்திரி.”

“வாயையா, வால்வையா?”

“வால்வை.”

“ரெண்டையும் மூடு. நல்லது.”

இரு என்பதற்கு அவர்களிடம் இரண்டு சொற்கள். ஒன்று ‘செர்’, ஒன்று ‘எஸ்தார்’. நிலையாக இருப்பதற்கு ஒன்று, இப்போதைக்கு இருப்பதற்கு ஒன்று. மலை இருப்பதற்கும் மனிதன் பசியோடு இருப்பதற்கும் வேறு வேறு சொல். இதை அவர் எனக்குப் புரிய வைக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. மேஸ்திரியிடம் சொன்னபோது, “இருக்கறதுக்கு ரெண்டு வார்த்தையா? நமக்கு ஒண்ணையே வெச்சிகினு இருக்க முடியல” என்றார். அதையும் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

வேலைச் சொற்கள் முடிந்த பிறகு வீட்டுச் சொற்கள் வந்தன. தங்கியது ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில், ஆனால் மத்தியானம் கேன்டீனில் எங்களோடுதான் சாப்பிடுவார். சமைப்பவள் பக்கத்து ஊர்க்காரி, மாதாகோயில் பக்கத்தில் வீடு, எல்லோருக்கும் அக்கா. அவர் கையால் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டதைப் பார்த்து, “தொரைக்கு இன்னும் மொழங்கை வரைக்கும் ஒழுகுது, பரவால்ல, அடுத்த மாசத்துக்குள்ள நம்ம ஆளாயிடுவாரு” என்று இன்னொரு கரண்டி ஊற்றுவாள். “கொமேர், கொமேர்” என்பாள். சாப்பிடு. அந்த ஒரு சொல்லை மட்டும் அக்காவும் கற்றுக்கொண்டாள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா மட்டும். சட்டைப் பையில் ஒரு போட்டோ வைத்திருந்தார். கறுப்பு உடுப்பில், கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு மெலிந்த அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மெட்ராஸ் தலைமை ஆபீசுக்குப் போய் அவளுக்குப் போன் செய்வார். திங்கட்கிழமை காலையில் நான் கேட்பேன். “அம்மா?” விரல்களை மடக்கிச் சொல்வார்: சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், நடக்கிறாள். அப்புறம் கையைத் தன் பக்கம் இழுத்து, “பெனீர்?” என்று கேட்டுக் காண்பிப்பார். வா. எப்போது வருகிறாய் என்று அம்மா கேட்கிறாளாம். அவர் பிரஸ்ஸைத் தட்டி, “எஸ்பெரார்” என்பார். காத்திரு. இது முடியட்டும்.

பிரஸ் முடிய ஆறு வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை முதல் ஓட்டம் என்று முடிவாயிற்று. மேனேஜர் வேறு வேலையாக வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை அவர் வருவதற்குள் முதல் டைலை எடுத்து மேசை மேல் வைத்துவிட வேண்டும் என்று மேஸ்திரிக்கு ஆசை. காலையிலேயே மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கியாகிவிட்டது. ஸ்பெயின்காரர் நெற்றியிலும் ஒரு கோடு.

பத்தரை மணி இருக்கும். ஆபீஸ் அறையில் போன் அடித்தது. யாரும் இல்லாததால் நான் எடுத்தேன். மெட்ராஸ் தலைமை ஆபீஸ் கிளார்க். லைனில் கொரகொரப்பு.

“அந்த ஸ்பெயின் ஆளோட அம்மா ராத்திரி தவறிட்டாங்களாம். அவங்க ஊர்லேர்ந்து டெலக்ஸ் வந்திருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அடக்கமாம். ஆளை உடனே அனுப்பு. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம். புரியுதா, உடனே…”

லைன் அறுந்தது. திரும்ப வரவில்லை.

நான் மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே என்னை ஷெட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

“இன்னாடா?”

“அவரு அம்மா தவறிட்டாங்களாம் மேஸ்திரி. உடனே அனுப்பச் சொல்றாங்க.”

மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“காலைல இன்னா துன்னாரு?”

“லாட்ஜ்ல காப்பி மட்டும்தான்.”

“அப்ப முதல்ல சாப்புடட்டும். வெறும் வயித்துல சாவு சேதி சொல்லுவாங்களாடா? பொட்டுனு வுழுந்துட்டா யாரு பதில் சொல்றது? தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. இத்தக் கேட்டாருன்னா இனிமே எப்ப சோறு எறங்குமோ.”

“உடனேன்னு சொன்னாங்க மேஸ்திரி.”

“உடனேன்னா? ஸ்பெயினு இன்னா சுங்குவார்சத்திரமா, பஸ்ஸு ஏறி எறங்கறதுக்கு? எப்பிடியும் போய்ச் சேர ரெண்டு நாளோ மூணு நாளோ. இதுல ரெண்டு மணி நேரத்துல இன்னா கெட்டுப்போச்சு?” என்றவர், குரலைத் தாழ்த்தி, “முதல் டைலும் வந்துடட்டும். அவரு கையால வரட்டும்” என்றார்.

எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஏன் என்றும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா இறந்தபோது நான் அம்பத்தூரில் வேலையில் இருந்தேன். “அப்பா சீரியஸ், உடனே புறப்படு” என்று தந்தி வந்தது. சீரியஸ் என்று தந்தி வந்தால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சாவை யாரும் நேராக எழுதுவதில்லை. தந்தியை முதலில் வாங்கிப் பார்த்த என் அறைத் தோழன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் நான்கு இட்லி தின்ன வைத்தான். பிறகுதான் கையில் கொடுத்தான். அடுத்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த நான்கு இட்லிதான் என்னை நிற்க வைத்தது. அவன் செய்ததை இன்று வரைக்கும் நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். அதனால் மேஸ்திரி சொன்னபோது, ஆமாம், அதுதானே முறை என்றுதான் தோன்றியது.

எங்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. விமானம் என்பது தலைக்கு மேலே போகிற சத்தமாகத்தான் எங்களுக்குப் பழக்கம். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் திரும்பிப் போகும். அதற்கும் ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. கம்பெனி வேன் வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

பன்னிரண்டரைக்கு முதல் டைல் வந்தது. அவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்து, ஓரத்தில் ஊதினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் போனோம். மேஸ்திரி அக்கா காதில் விஷயத்தைப் போட்டுவிட்டார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு முட்டை பொரித்துக் கொண்டுவந்து அவர் தட்டில் வைத்தாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து “கொமேர்” வரவில்லை. அவரே அவளைப் பார்த்துச் சிரித்து, “கொமேர்?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நல்ல பசி. இரண்டு முறை சோறு வாங்கினார். ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தார். என் தட்டைக் காட்டி ஏன் சாப்பிடவில்லை என்று புருவத்தால் கேட்டார். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்தார். மேஸ்திரி என்னை முன்னே தள்ளினார். “சொல்லு. ஆனா எட்த்தவொடனே சொல்லிடாத. சீரியஸ்னு சொல்லு. மீதிய அவரே புரிஞ்சிக்குவாரு.”

நான் சொன்னேன். அம்மா என்பதற்கு அவர்கள் சொல் தெரியும். உடம்பு சரியில்லை என்பதற்கு, ‘மோசம்’ என்ற ஒரு சொல் தெரியும். ஆஸ்பத்திரி என்றேன். மெட்ராஸிலிருந்து போன் என்று கையால் காட்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆபீஸ் அறைக்கு வேகமாகப் போனார். போனை எடுத்தார். செத்துக் கிடந்தது. தட்டிப் பார்த்தார். வைத்தார். சிறிது நேரம் அங்கேயே நின்று தாடையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து நாளைக்கு என்று விரலால் காட்டி, “யமார்” என்றார். கூப்பிடு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம் போலப் போய்ப் போன் செய்துகொள்கிறேன் என்றார். கையுறையை மாட்டிக்கொண்டு பிரஸ்ஸிடம் திரும்பிப் போனார்.

நாங்கள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இன்னாடா, கல்லு மாதிரி போறாரு?” என்றார் மேஸ்திரி.

“வெள்ளக்காரங்க அழமாட்டாங்க மேஸ்திரி” என்று ஒருவன் சொன்னான். “உள்ளயே வெச்சிக்குவாங்க.”

மேஸ்திரி தலையை ஆட்டினார். “இன்னா மனசுடா. பெத்தவ போயிட்டா, ஆளு வேலைய வுடல பாரு.” அவர் கண் கலங்கியிருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்த மனிதரின் மன உறுதியை நாங்கள் பதினைந்து பேர் சுற்றி நின்று வியந்துகொண்டிருந்தோம். அவரோ உடம்பு சரியில்லாத அம்மாவை நினைத்துக் கவலையோடு போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். மோசம் என்றால் மோசம்தான். அவர் ஊரில் சாவை அப்படிச் சுற்றி அனுப்புகிற பழக்கம் இல்லை.

மூன்றரை மணிக்கு அக்கா டீ வாளியோடு வந்தாள். அவரைப் பார்த்தாள். வாளியைத் தரையில் வைத்தாள்.

“டேய், இன்னாடா சொன்னீங்க அவருகிட்ட?”

“சீரியஸ்னு சொல்லிட்டோம்கா.”

“அவருக்குத் தெரியலடா. தெரிஞ்ச ஆளு பல்லு குத்திகினு டீக்குக் கை நீட்டுவானா? ஏசப்பா! அம்மா செத்தவன் கையில ஸ்பேனரக் குட்த்துட்டு வேடிக்க பாத்துகினு நிக்கறீங்களேடா, நீங்கள்லாம் ஒரு வயித்துல பொறந்தவங்கதானா?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். போகச் சொல்லவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

சாவுக்கான அவர்கள் சொல் எனக்குத் தெரியும். ஒரு தடவை மோட்டாரின் காயில் கம்பி எரிந்துபோனபோது அவர் அதைத் தட்டி, “மொரீர்” என்று கழுத்தைச் சாய்த்துக் காட்டியிருந்தார். நான் அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் அந்தச் சொல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் எழுதாததால் மறந்துவிடவில்லை.

அவர் பக்கத்தில் போய் நின்றேன். மெஷின் சத்தத்தில் காதில் விழாது என்று முழங்கையைத் தொட்டேன். திரும்பினார். அம்மா என்றேன். அப்புறம் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

அவர் என் வாயையே பார்த்தார். நான் தப்பான சொல்லைச் சொல்கிறேனோ என்று யோசிப்பது தெரிந்தது. எத்தனையோ தடவை தப்பான சொல்லைச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தவன்தானே நான். “மோசம்” என்று அவரே எடுத்துக் கொடுத்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். மறுபடியும் சொன்னேன். இந்த முறை அவர் எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். மேஸ்திரியின் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

அவரே போய் ஸ்விட்சை அணைத்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். ஸ்பேனர்களைத் துடைத்து, ஒவ்வொன்றையும் அதன் அதன் பள்ளத்தில் வைத்து, பெட்டியை மூடினார். பிறகு அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் குங்குமம் வியர்வையில் இறங்கி மூக்கு வரைக்கும் வந்திருந்தது.

வேனில் நான் கூடப் போனேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தலைமை ஆபீஸ் படியேறினோம். கிளார்க் என்னைப் பார்த்ததும் பாய்ந்தார்.

“எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க? மூணு மணி ப்ளேன்ல பாம்பேக்கு சீட் போட்டு வெச்சிருந்தேன். அங்கேர்ந்து ராத்திரி ப்ளேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்திருப்பாரு! பத்தரைக்கே சொன்னேனேய்யா!”

கிளார்க் திரும்பி, புரியாது என்று தெரிந்தும், ஸ்பெயின்காரரிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். டெலக்ஸ் தாளை எடுத்துக் கையில் கொடுத்தார். தாளின் தலையில் வந்த நேரம் அச்சாகியிருந்தது. ஸ்பெயின்காரர் தாளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில், அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விமானத்தில்தான் போக முடிந்தது.

எடுப்பதற்கு முன்னால் முகம் பார்ப்பது நம்மிடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பாவை நான் வருகிற வரைக்கும், வெயில் ஏறியும், சொந்தக்காரர்கள் முணுமுணுத்தும், எடுக்காமல் வைத்திருந்தார்கள். “பெத்த புள்ள மூஞ்சி பாக்காம மண்ணு தள்ளக் கூடாது” என்று என் சித்தப்பா குறுக்கே நின்றார். அப்படிப்பட்ட நாங்கள்தான் ஒரு மகனைச் சோறு போட்டு உட்கார வைத்துவிட்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். வேலை பாக்கி இருந்தது. கறுப்புச் சட்டை போட்டிருந்தார். கேட்டில் வாட்ச்மேன், “இன்னா, சார் ஐயப்பனுக்கு மாலை போட்டுகினாரா?” என்று என்னிடம் கேட்டான். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

துக்கம் விசாரிக்க எல்லோரும் வரிசையாகப் போனோம். மேஸ்திரி இரண்டு கையையும் நீட்டி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. எல்லோரும் போன பிறகு என்னை மட்டும் நிறுத்தினார். பிரஸ்ஸுக்குப் பின்னால், ஆயில் டிரம் பக்கத்தில் கூட்டிப்போனார்.

“யெகார்” என்றார். போய்ச் சேர். பிறகு கீழே, தரையைக் காட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லச் சேர்த்து, “தெர்ரார்” என்றார். மூடு. வால்வுக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்த சொல். அவர் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது.

சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்புகள் தேய்ந்திருந்தன. தலையில் இருந்த நேரத்தில் விரலை வைத்தார். அப்புறம் அந்த விரலை என் நெஞ்சில் வைத்தார். “சபேர்?” என்றார்.

அறி. தெரிந்துகொள். அதுவும் என் பட்டியலில் உண்டு. உனக்குத் தெரியுமா, தெரிந்திருந்ததா, எப்போதிருந்து தெரியும், எல்லாமே அந்த ஒற்றைச் சொல்லில் நின்றது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். போன் வரவில்லை, லைன் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். லைன் உண்மையிலேயே சரியில்லை. மேஸ்திரியைக் கை காட்டியிருக்கலாம். அந்த மனிதர் அதை நம்பக்கூடச் செய்திருப்பார், நம்ப ஆசைப்பட்டார் என்றே இன்று நினைக்கிறேன். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் கடிகாரத்தைக் காட்டி, பத்தரையில் நகத்தை வைத்தேன்.

ஏன் என்று கேட்டார். அதற்கு வினை தேவைப்படவில்லை, கையை விரித்தார்.

என்னிடம் முப்பத்தொரு சொற்கள். எங்கள் வழக்கம், வெறும் வயிறு, என் அப்பாவின் தந்தி, நான்கு இட்லி, விமானம் என்றால் என்னவென்று தெரியாத இரண்டு பேர், அந்த முதல் டைல், இவ்வளவையும் எந்தச் சொல்லில் ஏற்றுவது? நோட்டை மனதுக்குள் தலைகீழாகப் புரட்டினேன்.

“கொமேர்” என்றேன். முதலில், என்று ஒரு விரலைக் காட்டினேன். “முதலில் கொமேர்.”

அவர் அதைத் திருப்பிச் சொன்னார். கேன்டீன் பக்கம் பார்த்தார். இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, தனக்குத் தெரியாத ஏதோ மொழியின் சொல் போல அதைச் சொல்லிப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நல்லது. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் மேஸ்திரியிடம் கேட்டேன்.

“நெசமாச் சொல்லுங்க. அவரு வயித்துக்காகவா, பிரஸ்ஸுக்காகவா?”

அவர் பீடியைப் பற்ற வைத்தவர் இழுக்காமல் அப்படியே பிடித்திருந்தார்.

“தெர்லடா. முருகன் மேல சத்தியமா எனுக்கே தெர்ல. அப்ப கேட்டிருந்தா வயித்துக்குன்னு அடிச்சிச் சொல்லியிருப்பேன்.”

ஸ்பெயின்காரர் அதற்கு மேல் மூன்று வாரம் இருந்தார். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. திற, மூடு, இறுக்கு, நிறுத்து எல்லாம் முன் போலவே சொன்னார். என்னிடம் கோபமாக ஒரு நாளும் பேசவில்லை. புதிதாக ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. முப்பத்திரண்டாவது வினை என் நோட்டில் இல்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் நடந்து ரோட்டுக்குப் போய், வருகிற பஸ்ஸில் ஏறி, ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வருவார். அக்கா தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி, ஜன்னல் மேடையில் வைப்பாள். “இன்னிக்கு வருவாரு” என்பாள். “கோவம் சோத்து மேல எத்தினி நாளு நிக்கும்?” என்பாள். இரண்டு மணிக்கு மேல் அதை எடுத்து வாசல் நாய்க்குப் போடுவாள்.

கடைசி நாள் பதினொரு மணிக்கு அவரை அழைத்துப் போக வேன் வந்தது. எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே நேரம், அதே அழுத்தம். அக்காவுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, “கொமேர்?” என்றாள். அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, சரி என்றா, அவளுக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. வேனில் ஏறிவிட்டார்.

மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது ஜன்னல் மேடையில் தட்டு மூடியிருந்தது.

“போயிட்டாருக்கா” என்றேன்.

“தெரியும்டா. கை தானா போட்டுட்ச்சி” என்றாள். தட்டைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்து மூடியை எடுத்தாள். “யாராச்சும் துன்னுங்கடா.”

மேஸ்திரி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கை நீட்டவில்லை.